முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்!

திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்த நாள் காலையில் சன்னதித் தெருவில் நடந்து பாருங்கள். மாலையும் கழுத்துமாக இந்தப் பக்கம் நாலு ஜோடி, அந்தப் பக்கம் ஆறு ஜோடி. தெய்வானையை முருகன் கைப்பிடித்த தலமாயிற்றே, கேட்கவா வேண்டும்! இந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அடுத்த கல்யாணத்துக்கும் பந்தக்கால் போட்டுக்கொண்டிருப்பார்கள். மண்டபத் தூண் ஓரமாக, 'சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட' இரண்டு குடும்பங்கள். பட்டுப் புடவையில் பெண். எதிரே, சட்டை மடிப்புக் கலையாமல் பையன். பையனின் அத்தை ஒரே ஒரு பார்வைதான் பார்ப்பார்.

"முகத்துல ஒரு சாந்தம் இருக்கு. நம்ம வீட்டுக்குச் சரியா வரும்!"

பெண் இன்னும் வாயையே திறக்கவில்லை.

அத்தையைக் கேலி செய்துவிடாதீர்கள். நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், அதுவும் அத்தையைவிட வேகமாக! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களின் போட்டோக்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். 'இவரை நம்பலாமா? திறமைசாலியா? முரடரா?' என்று கேட்டார்கள். கண் இமைப்பதற்குள் பதில் ரெடி! நேரத்தை ஒரு விநாடியாக நீட்டிப் பார்த்தபோதும் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. கூடியது ஒன்றே ஒன்று: 'நான் சொல்றது சரிதான்' என்கிற நம்பிக்கை.

முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் சூரபத்மனுடையதாக இருக்கலாம். எதிரே நின்ற முருகனைப் பார்த்து, 'பால் மணம் மாறாத பாலகன்' என்றுதானே எடை போட்டான்? அந்தப் பாலகனுக்கு வெற்றிப் பரிசாக இந்திரன் பெண் கொடுத்த இடம்தான் இந்தப் பரங்குன்றம்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்னு பெரியவங்க சொல்லலையா சார்?" என்பீர்கள். சொன்னார்கள். வள்ளுவர்கூட 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் ஒன்றுக்கு இரண்டாக அதிகாரம் வைத்திருக்கிறார். பக்கத்தில் இருப்பதைக் காட்டும் பளிங்கைப் போல நெஞ்சில் இருப்பதை முகம் காட்டிவிடும் என்பது அவர் கருத்து. ஆனால், கவனியுங்கள். அவர் பேசுவது அந்த நேரத்துக் கோபதாபத்தை. ஆளின் குணத்தை அல்ல. ஆளின் உருவத்தைப் பார்த்து இளப்பமாக நினைக்காதே என்று அதே வள்ளுவர் வேறோர் இடத்தில், தேரின் அச்சாணியைக் காட்டி எச்சரிக்கிறார்.

விஞ்ஞானிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா, சீறுகிறாரா என்று படிக்கும் திறமை நமக்குப் பிறவியிலேயே உண்டு. வம்பு எங்கே வருகிறதென்றால், சும்மா இருக்கும்போதே சிலருக்கு உதட்டோரம் லேசாக மேலே வளைந்திருக்கும். உடனே 'நல்ல மனுஷன்' என்கிறோம். புருவம் கொஞ்சம் இறங்கி அடர்த்தியாக இருந்தால், 'சிடுமூஞ்சி'! பாவம், அவர் என்ன பண்ணுவார்? எலும்பும் தோலும் அமைந்த வாகு அது.

தேர்தலிலும் இதே கூத்துதான். 2009-ல் ஜான் அன்டோனாகிஸ், ஒலாஃப் டால்காஸ் என்ற ஆய்வாளர்கள், 5 முதல் 13 வயது வரை உள்ள சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் ஜோடி ஜோடியாகப் போட்டோக்களைக் காட்டி, 'உங்க கப்பலுக்கு யாரைக் கேப்டனாப் போடுவீங்க?' என்று கேட்டார்கள். போட்டோவில் இருந்தவர்கள் 2002 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் எதிரெதிராக நின்ற வேட்பாளர்கள். குழந்தைகள் கைகாட்டிய முகம் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது தடவை ஜெயித்த முகமாகவே இருந்தது! நம் ஊர்ச் சுவர்களில் தலைவர்களின் முகம் மட்டும் ஆளுயரத்துக்குச் சிரிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கப்பல் என்றதும் டார்வின் ஞாபகம் வருகிறது. 1831-ல் 'பீகிள்' கப்பலில் இடம் கேட்டுப் போனார். கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு முக சாஸ்திரத்தில் அபார நம்பிக்கை. டார்வினின் மூக்கைப் பார்த்துவிட்டு, இந்த மூக்குக்காரனுக்கு இவ்வளவு பெரிய பயணத்தைத் தாங்கும் உறுதி இருக்குமா என்று தயங்கினாராம். நல்லவேளை, மனம் மாறியது. தன் மூக்கு பொய் சொல்லியிருக்கிறது என்று கேப்டன் பிறகு புரிந்துகொண்டிருப்பார் என டார்வினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மூக்கை வைத்து நம் பக்கமும் அளந்தார்கள். அது சிரிக்கிற கதை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுகோலோடு ஊர் ஊராகப் போய், ஜாதிவாரியாக மண்டையையும் மூக்கையும் அளந்து, 1909-ல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் போட்டார். அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிகளுக்குத் தனி மனிதன் யார் என்பது முக்கியமில்லை. எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்பதுதான் கணக்கு. குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தபோது முகத்தைப் பார்க்கிற சிரமம்கூட வைத்துக்கொள்ளவில்லை. கள்ளர் வீட்டில் பிறந்தாயா, கொண்டா கட்டைவிரலை! மதுரை ஜில்லாவில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'. திருடியவனும் ரேகை வைக்க வேண்டும், ஆயுசு பூரா ஏர் பிடித்தவனும் வைக்க வேண்டும்.

மாட்டேன் என்றது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. இன்றும் ஏப்ரல் 3 வந்தால் அந்த ஊர் நினைவுத்தூணுக்கு ஜனங்கள் மாலையோடு வருகிறார்கள்.