ஹோல்டரில் எழுதியிருக்கும் 60

என் இகுவானாத் தொட்டிக்கு மேல் தொங்கிய பல்பு ஹோல்டரை ஒரு நாள் கழற்றினேன். அதன் பிளாஸ்டிக் வாய் பழுப்பேறி, விரல் பட்டதும் அப்பளம்போல நொறுங்கியது. உள்ளே வயரின் பிவிசி உறை விறைத்து, வளைந்த இடத்தில் வெடித்துச் செம்பு தெரிந்தது. மாட்டியிருந்த பல்பு 100 வாட். ஹோல்டரின் விளிம்பில், தூசிக்கு அடியில், 60 என்று இருந்தது. அன்று வாங்கிய நோட்டில்தான் இனி வரும் கணக்குகள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் இகுவானாவின் பதிவு விவரம். 2022 வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அதை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிந்தாக வேண்டும்.

இரண்டாம் பக்கம், கரண்ட். 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.43 ஆம்பியர். சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக்; 6 × 230 = 1,380 வாட் வரை தாங்கும். அப்படியிருக்க 100 வாட் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு அங்கேதான் நடந்தது. ஹோல்டரில் போட்டிருக்கும் எண் சூட்டின் எல்லையைச் சொல்கிறது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் வெளிச்சமாக மாறுவது 10 சதவீதம்கூட இல்லை, மிச்சமெல்லாம் சூடு. பல்பு தலைகீழாகத் தொங்கினால் அந்தச் சூடு மேலே ஏறி ஹோல்டரின் கழுத்தில் தேங்கும். சாதாரண பிவிசி வயர் தாங்குவதோ 70 டிகிரி வரைதான்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் பல்புகள் பெரும்பாலும் இ27 திருகு வகை. வீட்டு ஹோல்டர் பி22 பின் வகை. இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் கன்வர்ட்டரைச் செருகுகிறோம். ஹோல்டர் 100 வாட், கன்வர்ட்டர் 60 வாட் என்றால் அந்த இடத்தின் எல்லை 60 மட்டுமே. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரைப் பிளாஸ்டிக்கில் மாட்டவே கூடாது. அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். பீங்கான் ஹோல்டரும் சூடு தாங்கும் சிலிக்கான் வயரும் வேண்டும்.

அட்டையில் ‘60 வாட்டுக்குச் சமம்’ என்றிருக்கும் எல்.இ.டி. பல்பு உண்மையில் இழுப்பது 9 வாட் அளவுதான். ஹோல்டர் கணக்கில் அந்த 9-ஐ எழுதினால் போதும். ஆனால் வெயில் காயும் பிராணிக்கு அது உதவாது.

அடுத்து வோல்டேஜ். எங்கள் தெருவில் பின்னிரவில் மீட்டர் 250 காட்டும். குண்டு பல்பின் வாட், வோல்டேஜை விட வேகமாக ஏறும்: 230 வோல்ட்டில் 100 வாட் எரியும் பல்பு 250-இல் ஏறக்குறைய 114 வாட் இழுக்கும், ஆயுளும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 60 வாட் பல்பு 68-ஐத் தாண்டும். 60 போட்ட ஹோல்டரில் 60 மாட்டினாலும் எல்லை மீறிவிடுகிறது என்பதால் குறைந்தது கால் பங்கை விட்டுவிட்டே மாட்டுகிறேன்: 60-க்கு 40, 100-க்கு 75.

இத்தனைக்கும் எனக்கு அந்த 100 வாட் தேவையே இருந்ததில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கையேட்டைப் பார்த்து வாங்கியது அது. இகுவானா காயும் இடத்தில் 35 டிகிரி வேண்டும். அவர்கள் அறை 20 டிகிரி என்றால் அந்த 100 வாட் பல்பு 15 டிகிரி ஏற்ற வேண்டும். அதே உயரத்தில் தொங்கினால் சூடு ஏறுவது பெரும்பாலும் வாட்டை ஒட்டியே இருக்கும். சென்னையில் என் அறை டிசம்பர் காலையில் 26. ஏற்ற வேண்டியது 9 டிகிரி, அதாவது 60 வாட். ஏப்ரல் மதியம் 31. 4 டிகிரிக்கு 27 வாட் போதும். 40 வாட் பல்பைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் சரியாக இருக்கிறது. நான் 100 மாட்டியிருந்த நாட்களில் அந்தப் பிராணி தொட்டியின் மறுமூலையில் வாய் திறந்தபடி கிடந்ததன் பொருள் இந்தப் பக்கத்தை எழுதியபோதுதான் புரிந்தது. மனம் வலித்தது.

தொட்டியில் பல்போடு சேர்ந்து எரியும் புற ஊதா-பி டியூபில் வாட் பொருத்தத்தைச் சோக் தீர்மானிக்கிறது. டி5 24 வாட் டியூபுக்கு 16 மில்லிமீட்டர் பருமன், பின் இடைவெளி 5. டி8 18 வாட்டுக்கு 26 மில்லிமீட்டர், இடைவெளி 13. ஒன்றின் ஃபிட்டிங்கில் மற்றது ஏறாது, ஏற்றப் பார்க்கவும் வேண்டாம். இடையில் கண்ணாடி இருந்தால் அந்தக் கதிர் பிராணியை எட்டாது.

கரண்ட் பில், 12 மணி நேரம் எரிந்தால்:

பழைய 100 + டியூப் 24: நாளுக்கு 1.49 யூனிட், 60 நாளில் 89
டிசம்பரில் 60 + 24: நாளுக்கு 1.01, 60 நாளில் 60
ஏப்ரலில் 40 + 24: நாளுக்கு 0.77, 60 நாளில் 46

பழைய பல்பு இருந்தபோது தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது; அதில் 89-ஐத் தொட்டியே தின்றது.

இப்போது தொங்குவது பீங்கான் ஹோல்டர், பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு. மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம் எரிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வயரைத் தொட்டுப் பார்த்து எழுதி வைக்கிறேன். போன மாதக் குறிப்பு: வயர் இளஞ்சூடு, ஹோல்டரில் நிறம் மாறவில்லை, காயும் கிளையில் 34.5.