கரிசல் காட்டில் இரண்டு நாள்

படம் பிடிக்கப் புறப்படுகிறவர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான் போக வேண்டும் என்று ஏதோ சட்டம் இருப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். போய் வந்த பிறகு பணப்பை மெலிந்திருக்கும். படங்களோ அடுத்த வீட்டுக்காரர் எடுத்தவற்றைப் போலவே இருக்கும். ஆனபடியால், ஒரு சனி ஞாயிறு, சொற்பப் பணத்துடனும் ஒரு சிறு காமிராவுடனும் கோவில்பட்டிக்குப் போய் வரும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காமிரா இல்லாதவர்களுக்குக் கைத்தொலைபேசியே போதும்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் ரெயில் பாதையில் இருக்கிறது கோவில்பட்டி. முதல் படத்தை வண்டி ஜன்னலிலிருந்தே எடுத்துவிடலாம். இருபுறமும் கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்தப் பூமி, ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்ததும் பருத்தியும் கம்பும் உளுந்துமாகப் பச்சைப் பசேலென்று மாறிவிடும். மார்கழியும் தையுமே பிரயாணத்துக்கு உகந்த காலம். வெடித்த மண்ணைத்தான் படம் பிடிப்பேன் என்கிறவர் சித்திரையில் வரட்டும். குடையும் தண்ணீரும் அவர் பொறுப்பு!

சனிக்கிழமை காலை பஸ் ஏறிக் கழுகுமலைக்குப் போங்கள். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எழுப்பிய வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இம்முறையில் உருவானதே. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை இங்கே தரிசிக்கலாம். விமானம் பூர்த்தியாகியிருக்கிறது; கீழ்ப்பகுதி முடியவில்லை. அநேகர் விமானத்தை மட்டும் படம் பிடித்துத் திரும்புகிறார்கள். உளி நின்றுபோன அந்தக் கீழ்ப்பகுதியையும் சேர்த்துப் பிடியுங்கள். அப்போதுதான் சிற்பிகள் எப்படி வேலை செய்தார்கள் என்பது விளங்கும். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உச்சி வெயில் சிற்பத்தைத் தட்டையாக்கிவிடும். வெயில் சாய்வாக விழும் வேளையில்தான் முகமும் மூக்கும் உயிர் பெறும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டயபுரம். 1882-ல் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, மணி மண்டபத்துக்குச் செல்லலாம். கல்கியின் முயற்சியால் பொதுஜனங்கள் கொடுத்த நன்கொடையைக் கொண்டு எழுந்த மண்டபம் இது. ராஜாஜி 1947-ல் திறந்து வைத்தார். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் சமாதியும் இவ்வூரிலேயே உள்ளது.

இங்கே ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. தீட்சிதர் மறைந்தது 1835-ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-ல். நான்கே வருஷம் தவறிப்போயிற்று! 1921-ல் மறைந்த பாரதியாருக்கோ விரல் விட்டு எண்ணக்கூடிய புகைப்படங்களே மிஞ்சியிருக்கின்றன. வெட்டுவான் கோயிலைச் செதுக்கியவர்களின் முகம் எப்படியிருந்தது என்று யாருக்குமே தெரியாது. நாமோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் படம் எடுக்கிறோம்.

இந்த எண்ணத்துடன் கோவில்பட்டிக்குத் திரும்புங்கள். 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் சிவகாசியில் வேரூன்றிய சுதேசித் தீப்பெட்டித் தொழில், மழையை நம்ப முடியாத இந்தச் சீமைக்கும் பரவிச் சோறு போட்டது. இன்று யந்திரங்கள் வந்துவிட்டாலும் இத்தொழிலில் உழைப்பவர்களில் பெண்களே அதிகம். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதையும் கிளறி, பரப்பி, வெட்டுகிற கைகள் உண்டு. அவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சம்மதித்தால் ஒரு படம் எடுங்கள். எடுத்ததை அவர்களுக்கும் காட்டுங்கள். பிரதி ஒன்றை அனுப்பி வையுங்கள். சம்மதிக்காவிட்டால், வணக்கம் சொல்லிவிட்டுக் காமிராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

ரெயில் ஏறும்போது குழந்தைகளுக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்க மறக்க வேண்டாம். அது வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். அந்த உழைப்பாளியின் வீட்டுச் சுவரில் நீங்கள் அனுப்பிய படம் மட்டும் நெடுநாள் இருக்கும்.