பழைய கண்ணாடியிழைப் படகுகள்: பழுதறிதலும் செப்பனிடலும்

'கண்ணாடியிழைப் படகு' என்னும் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. அதில் கண்ணாடி இழை உண்டு. இழையைப் பிணைத்து இறுகச் செய்யும் பிசின் உண்டு. பெயரில் இடம்பெறாத மரமும் பல இடங்களில் உள்ளே மறைந்திருக்கிறது. கண்ணாடி துருப்பிடிக்காது, உளுத்துப்போகாது என்று நம்பிய ஒருவர், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தம் படகின் மேல்தளம் காலடியில் அமுங்குவதைக் கண்டு திகைப்பதற்கு அந்த மரமே பெரும்பாலும் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைக் காண்போம். 1959ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில், பியர்சன் நிறுவனத்தார் 'டிரைட்டன்' என்னும் 28 அடிப் பாய்மரப் படகை அறிமுகப்படுத்தினர். அதனை வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பர்க். 1967 வரை ஏறத்தாழ 700 படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் அடிக்கூடு, மரம் கலவாத தடித்த கண்ணாடியிழை அடுக்குகளால் ஆனது. மேல்தளமோ, இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியது.

மரத்தை ஏன் வைத்தார்கள்? ஒரு பலகையின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அத்தடிப்பைக் கண்ணாடியிழையாலேயே பெற முயன்றால் மேற்பகுதி பளுவாகிப் படகின் நிலைப்பு குறையும். எடை குறைந்த பால்சா இரு தோல்களையும் விலக்கி நிறுத்துகிறது. தளத்தின் மீது ஒருவர் நிற்கும்போது மேல்தோல் அமுக்கத்தையும் கீழ்த்தோல் இழுப்பையும் ஏற்றுக்கொள்கின்றன. இவையெல்லாம் மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும் வரைதான்.

தளத்தில் பூட்டப்படும் ஒவ்வோர் உலோக உறுப்புக்கும் துளை வேண்டும். துளையைச் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை சில ஆண்டுகளில் இறுகி விலகும். அவ்வழியே இறங்கும் நீர் மரத்தைச் சேர்கிறது; திரும்பி வெளியேற வழியில்லை. குளிர்நாட்டில் அது உறைந்து விரிந்து தோலை மரத்திலிருந்து பிரிக்கிறது. நம் கரையோரங்களில் உறைபனி இல்லை. ஆயினும் ஆண்டு முழுதும் நீடிக்கும் வெப்பமும் மழையும் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உகந்தவை.

பழுதை அறிய விலையுயர்ந்த கருவி முதலில் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாகத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். ஒட்டு நன்றாக உள்ள இடம் கணீரென ஒலிக்கும். விட்டுப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்தால், அப்படம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உலோக உறுப்பைச் சுற்றிப் பரவியிருப்பதைக் காணலாம். ஈரமானி துணைசெய்யும்; ஆனால் உள்ளே உலோகமிருந்தாலும் மேற்பரப்பு நனைந்திருந்தாலும் அது தவறாகக் காட்டும். ஐயமிருப்பின், கீழ்த்தோல் வழியாக மட்டும் சிறு துளையிட்டு, வரும் மரத்தூளைப் பார்ப்பதே உறுதியான வழி. வெளிறிய உலர்ந்த தூள் நலத்தைக் காட்டும். பழுப்பேறிய ஈரத்தூள் அழுகலைக் காட்டும்.

மேற்பூச்சில் காணும் விரிசல்களுக்கும் பொருள் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து விண்மீன் போல் பரவியவை அடிபட்டதைக் காட்டும். இணைகோடுகளாக ஓடுபவை, அவ்விடம் திரும்பத் திரும்ப வளைகிறது என்பதைக் காட்டும். அடிக்கூட்டில் தோன்றும் நீர்க்கொப்புளங்கள் உரிமையாளரை மிகவும் அச்சுறுத்துகின்றன. உண்மையில் அவற்றால் மூழ்கிய படகு அரிது. பாய்மரக் கயிறுகளை இறுக்கியபின் அறைக்கதவு மூட மறுத்தால்தான் அஞ்ச வேண்டும். உட்புறக் குறுக்குச்சுவர் அடிக்கூட்டிலிருந்து பிரிந்திருக்கக்கூடும்.

செப்பனிடுவதில் பலர் நாடும் குறுக்குவழி, தளத்தில் வரிசையாகத் துளையிட்டுப் பிசினைச் செலுத்துவது. நனைந்த மரத்தில் பிசின் ஒட்டாது. ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஆகவே இதனை நான் பரிந்துரைப்பதில்லை. மேல்தோலை அளவாக அறுத்தெடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டி, நன்கு உலரவிட்டு, புதிய பால்சாவைக் கெட்டியாக்கிய எப்பாக்சிப் பிசினில் பதித்து, தோலை மீண்டும் ஒட்டுவதே முறை.

இங்கே ஒரு நுட்பம். பழைய பாலியெஸ்டர்ப் பிசின் முற்றிலும் இறுகிவிட்டது. புதுப்பிசின் அதனுடன் வேதிமுறையில் இணையாது, பற்றிக்கொண்டு மட்டுமே நிற்கும். பற்றுவதற்குப் பரப்பு வேண்டும். அதனால் வெட்டிய விளிம்பை 12க்கு 1 என்னும் சரிவில் தேய்க்கின்றனர்: 3 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள தோலுக்கு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீட்டர்ச் சரிவு. தேய்க்கும் முன்பே கரைப்பான் கொண்டு மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் தேய்ப்பான் அவற்றைக் கண்ணாடியிழைக்குள் ஏற்றிவிடும். மூச்சுக்கவசம் இல்லாமல் இவ்வேலையில் ஒருவரும் இறங்கக்கூடாது.

வெளிப்பொறி பூட்டிய நம் கரையோர மீன்பிடிப் படகுகளிலும் இதே நிலைதான். அவற்றுள் பலவற்றின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை பொதியப்பட்டுள்ளது. பொறியைத் தாங்கும் திருகாணிகளின் துளைகளே நீருக்கு வாயில். கரையில் படகை நிறுத்தி, பொறியின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை உடன் வளைந்தால், அப்படகை அலைமிகுந்த நாளில் கடலுக்குக் கொண்டுசெல்லலாகாது. பொறியோடு பின்பலகையும் பெயர்ந்தால் அங்கு நீரைத் தடுக்க ஒன்றுமிராது.

மரத்தை மாற்றியபின் பழையபடியே துளையிட்டுத் திருகினால், அடுத்த உளுத்தல் அன்றே தொடங்கிவிடும். துளையைத் தேவையினும் பெரிதாக இட்டு, அதைக் கெட்டியான எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே திருகாணிக்குரிய துளையை இட வேண்டும். பின்னொரு நாள் அடைப்புப் பசை தோற்றாலும், நீர் தொடுவது எப்பாக்சியைத்தான், மரத்தை அன்று.