பாட்டியின் கட்டைவிரல்

ஜனவரி மாதம் மயிலாப்பூர் திருவிழா நடக்கும்போது வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி வைப்பார்கள். போகிறவர்கள் எல்லாரும் கோலத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒருமுறை கோலம் போடும் கையைப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கிள்ளி எடுத்து, ஒரே சீராக இழை இறக்கிக்கொண்டே போகும். விரல் நுனிக் கணுக்கள் உருண்டு புடைத்த பாட்டிகள்கூட, சிக்குக் கோலத்தைப் பிசிறில்லாமல் முடித்துவிட்டு நிமிர்வார்கள்.

அப்படிப்பட்ட பாட்டி வீட்டுக்குள் வந்து, காபி ஃபில்டரின் மேல் டப்பா இறுகிக்கொண்டால் உங்களிடம் நீட்டுவார். "கண்ணா, இதைக் கொஞ்சம் கழட்டிக் குடுடா." அத்தனை பெரிய கோலம் போட்ட கைக்கு ஒரு டப்பாவைத் திருக முடியவில்லையா?

முடியாது. அதற்குக் காரணம் பாதி உடற்கூறு, பாதி இயற்பியல்.

நம் உடம்பில் 206 எலும்புகள். அதில் 54 இரண்டு கைகளில் மட்டும் இருக்கின்றன, கைக்கு 27. இவ்வளவு எலும்பு இருந்தும், விரலுக்குள் அதை மடக்கும் தசை ஒன்றுகூட இல்லை. தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன; அங்கிருந்து நீளும் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். தோலுக்கடியில் ஏதோ நெளிவது கைக்குத் தட்டுப்படும்.

இரண்டு எலும்புகள் சேரும் இடம் மூட்டு. அங்கே எலும்பின் முனையை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் போகாததால், அடிபட்டால் தோலைப் போல அது லேசில் ஆறாது. நரம்பு இல்லாததால், தேயத் தொடங்கும்போது வலிக்கவும் வலிக்காது. வலி தெரிய வரும்போது அடியில் இருக்கும் எலும்பும் சுற்றியிருக்கும் உறையும் மாட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம்.

தேய்ந்த மூட்டின் ஓரத்தில் புது எலும்பு கொஞ்சம் முளைக்கும். நுனிக் கணுவில் தெரியும் உருண்டை அதுதான். அதற்கு ஹெபர்டன் முடிச்சு என்று பெயர். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் அதைப் பற்றியும் எழுதிய புத்தகம், அவர் இறந்த பிறகு 1802-ல் வெளிவந்தது. பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் இந்த முடிச்சுகள் ஆரம்பத்தில் வலித்துவிட்டுப் பிறகு அடங்கிவிடும். வெளியே அதிகம் தெரியாத இன்னொரு இடம்தான் ஆளைப் படுத்தும். அது கட்டைவிரலின் அடி மூட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருப்பது.

கொடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிடியின் கடைசியில் அழுத்தினால் சுலபமாக வாய் திறக்கும். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள், விரல் நோகும். நம் கட்டைவிரலின் கதியும் இதுதான். வேலை நடப்பது நுனியில், தசை இழுப்பதோ மூட்டுக்கு அருகில். அதனால் தசை பல மடங்கு பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் அடி மூட்டை நெருக்குகிறது. நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால் அடி மூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்போது கோலத்துக்கு வருவோம். ஒரு சிட்டிகை மாவுக்கு எடை என்ன? ஒன்றுமே இல்லை. அதைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் ஒன்றுமில்லைதான். இறுகிப்போன ஃபில்டரோ, ஈரப் போர்வையைப் பிழிவதோ, தேங்காய் துருவுவதோ அப்படியில்லை. பாட்டி சோம்பலில் டப்பாவை உங்களிடம் தரவில்லை!

"சொடக்கு எடுக்காதே, விரல் வீங்கிடும்" என்று திட்டு வாங்காத பிள்ளை உண்டா? அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டரை அவருடைய அம்மா, அத்தைமார், பிறகு மாமியார் வரைக்கும் இப்படி எச்சரித்தார்கள். மனிதர் சுமார் 50 வருடம் இடது கையில் மட்டும் தினமும் சொடக்கு எடுத்தார், வலது கையை விட்டுவிட்டார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை என்று 1998-ல் எழுதினார். 2009-ல் இதற்கு இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. ஒரே ஆளின் இரண்டு கையை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சத்தம் எலும்பு முறியும் சத்தம் இல்லை. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குமிழியால் வருகிற சத்தம். மறுபடி சொடக்கு விழ 20 நிமிடமாவது ஆகும்.

விரல் வலி எல்லாமே வயசுக் கோளாறு என்று பெரியவர்கள் சொன்னால் நம்பிவிடாதீர்கள். முடக்குவாதம் என்று ஒன்று உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் மூட்டின் உறையையே தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு கையும் ஒன்றாக வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வரும் மூட்டுவாதமும் இருக்கிறது.

சென்னைக்குப் பழக்கமான இன்னொரு காரணம் சிக்குன்குனியா. 1964-ல் சென்னையில் பரவியது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நாட்டில் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, 2006-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வந்து படுத்தி எடுத்தது. காய்ச்சல் சில நாளில் போய்விடும். விரலிலும் மணிக்கட்டிலும் வலி மாதக்கணக்கில் இருக்கும். இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தண்ணீர் லாரி வந்ததும் நிரப்பி வைக்கும் டிரம்மும் மொட்டை மாடித் தொட்டியும் அதற்குப் போதும். மூடி வையுங்கள்.

பாட்டிக்கும் உங்களால் உதவ முடியும். கரண்டிப் பிடியில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டுங்கள். பிடி தடித்தால் விரல்களை அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. காலையில் கையை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் விறைப்பு தளரும். திருகும் குழாயை மாற்றி, தள்ளினால் திறக்கும் நீளப் பிடிக் குழாய் வைக்கலாமா என்று அப்பாவிடம் கேளுங்கள். கிளிப் சோதனை செய்தவர்களுக்கு நீளப் பிடி ஏன் என்று விளக்க வேண்டாம்.

பாட்டியிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "தூங்கி எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகுது பாட்டி?" தேய்மானம் என்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, கணுக்களும் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. சீக்கிரம் மருந்தைத் தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். அதனால் பாட்டி சொன்ன பதிலை அன்றைக்கே அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.