மூன்று வட்டியா, பத்து சதவீதமா? எக்ஸெல்லிடம் கேளுங்கள்!

புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோட்டக்குப்பம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாவிடமோ அண்ணனிடமோ முகம் பார்த்துப் பேசுவதற்காகவே இங்கு கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகள் உண்டு. பேசி முடித்ததும் அதை மூடி வைத்து விடாதீர்கள். அங்கிருந்து வரும் பணத்தைக் காப்பாற்றவும் அதே கம்ப்யூட்டர் உதவும். அதற்குத் தேவை எக்ஸெல் தொகுப்பு மட்டுமே. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நம் ஊர்ப் பேச்சில் "மூன்று வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சிறிதாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கு அது 36 சதவீதம். வங்கிகளோ வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்கின்றன. எனவே யார் எந்த வட்டியைச் சொன்னாலும் அதை ஆண்டுக் கணக்குக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

கடன் வாங்கும் முன்

பைக் வாங்க 60,000 ரூபாய் கடன் தேவை என்று வைத்துக் கொள்வோம். "ஆண்டுக்குப் பத்து சதவீதம்தான் சார்! இரண்டு வருடத்திற்கு வட்டி 12,000. மாதம் 3,000 வீதம் 24 தவணை" என்கிறார் கடன் தருபவர். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

எக்ஸெல்லைத் திறந்து ஏதேனும் ஒரு காலி செல்லில் கர்சரை வைத்து இதை டைப் செய்திடுங்கள்:

=ரேட்(24,-3000,60000)*12

ரேட் என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். 24 என்பது தவணைகளின் எண்ணிக்கை. 3000 உங்கள் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் அதற்கு முன் மைனஸ் அடையாளம். 60000 உங்கள் கைக்கு வரும் பணம். கிடைப்பது மாத வட்டி என்பதால், ஆண்டுக்கு மாற்ற 12 ஆல் பெருக்குகிறோம். பிழைச் செய்தி வந்தால் கமாவுக்குப் பதிலாக செமிகோலன் போட்டுப் பாருங்கள்.

என்டர் தட்டியதும் கிடைக்கும் விடை சுமார் 18 சதவீதம்! விடை 0.18 என்று வந்தாலும் அது 18 சதவீதமே. பத்து எப்படிப் பதினெட்டு ஆனது? ஓர் ஆண்டு முடிவதற்குள் அசலில் ஏறக்குறைய பாதியைக் கட்டி விடுகிறீர்கள். ஆனால் கடைசித் தவணை வரை முழு 60,000 ரூபாய்க்கும் வட்டி போடுகிறார்கள். இதற்கு பிளாட் வட்டி என்று பெயர்.

பரிசீலனைக் கட்டணம் என்று 1,200 ரூபாயைப் பிடித்துக் கொண்டு மீதியைத் தருகிறார்களா? பார்முலாவில் 60000 என்பதை 58800 என்று மாற்றுங்கள். வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும்.

வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கினால் இன்னொரு வசதியும் உண்டு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதுதான். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் கேட்டுப் படித்துப் பாருங்கள்.

பணம் போடும் முன்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் வழக்குத் தொடர்ந்தனர். இந்த வாக்குறுதியையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்.

ஏ1 செல்லில் 100000 என்று அமைத்திடுங்கள். ஏ2 செல்லில் =ஏ1*1.3 என்று டைப் செய்திடுங்கள். இங்கும் செல்லின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். இனி ஏ2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுசால் பிடித்து ஏ13 வரை இழுத்து விடுங்கள். பன்னிரண்டு மாதங்களின் கணக்கு வரிசையாக விழும். கடைசி செல்லில் 23 லட்சத்து 29 ஆயிரத்துக்கும் மேல் இருக்கும்! ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் வங்கியில் அதே ஒரு லட்சம், ஓர் ஆண்டில் 1,07,000 ஆகும். எந்த வியாபாரத்தில் ஒரே ஆண்டில் முதல் 23 மடங்காகப் பெருகும்? புதிதாகச் சேருபவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தால்தான் இப்படிச் சில மாதங்கள் ஓட்ட முடியும்.

வட்டி வாங்குவதில்லை என்ற கொள்கை உடையவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். "இது வட்டி அல்ல, லாபப் பங்கு" என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம் பணம் திரட்டிய பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தது. பெயர் மாறினாலும் பெருக்கல் மாறாது.

நிறுவனம் பணம் வாங்க அனுமதி பெற்றதுதானா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் இணைய தளத்தில் தேடிப் பார்க்கலாம். புகாரையும் அங்கேயே பதியலாம். வங்கி டெபாசிட்டிற்குக் காப்பீடு உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை என்று 2020 பிப்ரவரியில் இது உயர்த்தப்பட்டது. இப்படிப்பட்ட நிறுவனங்களில் போடும் பணத்திற்கு அந்தக் காப்பீடு கிடையாது.

இந்த பைலுக்கு "வட்டிக் கணக்கு" என்று பெயர் கொடுத்து டெஸ்க்டாப்பிலேயே சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை யாராவது திட்டத்தோடு வீட்டிற்கு வந்தால், டீ கொடுத்து உட்கார வைத்து, அவர் எதிரிலேயே பைலைத் திறந்து எண்களை மாற்றிப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அல்லவா?