ஒரு நாளில் பதினாறு விடியல்

விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் பால்மரம் சீவி முடித்தவர் சிலிம் ரிவர் தோட்டத்து என் பாட்டி. விண்வெளி நிலையத்தைப் பற்றி நான் சொன்னபோது, "அங்க எப்ப விடியும்?" என்றுதான் கேட்டார்.

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அனைத்துலக விண்வெளி நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. ஆகவே, 24 மணி நேரத்தில் 16 முறை விடிகிறது. சூரியனை நம்பினால் தூக்கம் ஏது? அங்குள்ளோர் கிரீன்விச் நேரப்படி எழுகின்றனர். சுவரோடு கட்டிய உறக்கப்பையில் உறங்குகின்றனர். எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் நலிவடைவதால் அன்றாடம் இரண்டு மணி நேர உடற்பயிற்சி கட்டாயம்.

2007 அக்டோபரில், நோன்பு மாதத்தில், நம் நாட்டின் டாக்டர் ஷேக் முஸாபார் அங்குச் சென்றார். (இறுதிச் சுற்றின் நால்வரில் ஒரே பெண் நம் வனஜா என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?) தொழுகைக்கு எந்த விடியலைக் கணக்கிடுவது? ஏவுதளமான பைக்கோனூரின் நேரத்தைப் பின்பற்றலாம் எனத் தேசிய பத்வா மன்றம் வழிகாட்டியது. அவர் புற்றுநோய் உயிரணுக்களை ஆராய்ந்தார். அக்டோபர் 13-இல் சக வீரர்களுக்குச் சாத்தே கொடுத்துப் பெருநாள் கொண்டாடினார்.

"அப்ப பெரட்டும் பதினாறு தடவையா?" என்றார் பாட்டி.

இல்லை, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். பூமியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் வானொலி வழி பேசி, அன்றைய வேலையைச் சரிபார்க்கின்றனர்.