தங்கமும் வேலை செய்யும் (தனிமங்களின் கதை – 17)

தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது. எதோடும் எளிதில் சேராத இந்தக் குணத்துக்காகவே அதைச் சீதனமாகவும் சேமிப்பாகவும் வைத்திருக்கிறோம். ஆனால் தேவாரம், போடி போன்ற ஊர்களில் ராஜதிராவகம் வைத்துப் பழைய நகைத் தங்கத்தைச் சுத்திகரிக்கிறவர்களைக் கேளுங்கள். தங்கம் கரையும் என்பார்கள்.

ராஜதிராவகம் என்பது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கலவை. நைட்ரிக் அமிலம் தங்கத்தின் எலக்ட்ரான்களைப் பறிக்க, நான்கு குளோரைடுகள் அந்த அணுவைச் சூழ்ந்துகொள்ளும். கரைசல் மஞ்சளாகும். அதில் அன்னபேதியை (ஃபெரஸ் சல்பேட்) நீரில் கரைத்து ஊற்றினால், பழுப்புத் தூளாகத் தங்கம் அடியில் படியும். (புகை நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் முயல வேண்டாம்.)

அந்த மஞ்சள் கரைசலில் இருப்பதுதான் தங்கத்தின் அணைவுச் சேர்மம். சூழ்ந்து நிற்பவை ஈனிகள். ஈனியை மாற்றினால் தங்கத்தின் குணமும் மாறும்.

1998-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் டெலஸ் குழுவினர், பாஸ்பரஸ் ஈனி இணைந்த தங்கத்தைக் கொண்டு, முப்பிணைப்புள்ள ஆல்கைன்களில் மெத்தனாலைச் சேர்த்தார்கள். தங்கம் முப்பிணைப்பின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கமிருந்து மெத்தனால் கார்பனோடு இணையும். பிறகு தங்கம் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து அமர, தங்கம் விடுபட்டு அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடும். இப்படி ஒரு தங்க அணு ஒரு லட்சம் முறை வரை உழைத்தது.

எங்கிருந்து வந்தது இந்த இழுவிசை? தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாகச் சுழல்கின்றன. ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிப்படி 6s ஆர்பிட்டால் சுருங்குகிறது. தங்கம் எலக்ட்ரானுக்கு ஏங்குகிறது. அதன் மஞ்சள் நிறத்துக்கும் இதே சார்பியல்தான் காரணம்.

இருந்தும் ஒரு குறை இருந்தது. பல்லேடியம் 0 என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +2-க்குப் போய், திரும்பவும் எளிதாக வந்துவிடும். ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் 2010-இல் நோபல் பரிசு தந்த வினைகளின் அடிப்படை அதுதான். தங்கமோ +1-லிருந்து +3-க்கு ஏற மறுத்தது. 2017-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பூரிசூ குழுவினர், பாஸ்பரஸும் நைட்ரஜனும் கொண்ட ஈனியால் அந்த ஏற்றத்தைச் சாத்தியமாக்கினார்கள். நைட்ரஜன் +3 தங்கத்தைத் தாங்கிப் பிடித்தது.

அந்த வழியை முன்னெடுத்தவர்களில் போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐசர்) நிதின் பாட்டீல் குழுவினர் முக்கியமானவர்கள். 2020-இல் அவர்கள், ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் இரு பக்கமும் இரண்டு அரோமேட்டிக் வளையங்களைத் தங்கத்தால் பொருத்திக் காட்டினார்கள். பல்லேடியமாக இருந்தால் ஹெக் வினையில் நடப்பதுபோல ஒரு வளையத்தைச் சேர்த்ததும் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு விலகிவிடும். தங்கம் அப்படிச் செய்யத் தயங்கும். அந்தத் தயக்கமே இங்கே பலமானது. ஆகவே தங்கம் பல்லேடியத்துக்கு மாற்றாள் அல்ல. அதற்கென்று தனி வேலை உண்டு.

தேவாரம், உத்தமபாளையம் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வேதியியல் புத்தகத்திலும் அணைவுச் சேர்மங்கள் பாடமாக இருக்கின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் அதைப் புரட்டாதீர்கள். ஐசர் நிறுவனங்களில் சேர நுழைவுத் தேர்வு இருக்கிறது, எழுதுங்கள்.